தெருப் பக்கம் மட்டும் ஒரு பூச்சு

திருவண்ணாமலை
10.7.2007

அருணாவுக்கு,

கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆனியில் யாரும் புதிதாக வேலை ஆரம்பிக்க மாட்டார்கள், ஆடி பிறந்தால் அதைவிட மோசம். கையில் நேரம் இருக்கிறது, ஆகவே கடிதம் நீளும். போனில் சொல்லலாம் என்றால் "அப்பா, கிளாஸ்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். வகுப்பில் இல்லாத நேரத்தில் என்னைப் பேசி முடிக்க விடுவதில்லை. காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாது அல்லவா?

வேங்கிக்காலில் உன் வீட்டுக்குச் சென்ட்ரிங் பலகை பிரித்தாயிற்று. நீ சொன்ன மாதிரியே கான்கிரீட்டுக்கு நடுவில் பழைய ஓடுகளை வைத்துத்தான் தளம் போட்டது. மூர்த்தி மேஸ்திரி வேலை முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே இருந்தான். "நம்ம கடையில கம்பி இருக்கு, சிமெண்ட் இருக்கு. எதுக்கு மொதலாளி இந்த ஓட்டையெல்லாம் கொண்டாந்து அடக்கம் பண்றீங்க?" என்றான். இப்போது ஒரு விரிசல் இல்லை. நல்லது என்றால் நல்லது என்று சொல்லிவிடுவேன், உனக்குத் தெரியும். உள்ளே நின்றால் வெளியில் வெயில் அடிப்பதே தெரியவில்லை. உன் அம்மா மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டு வருகிறாள்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். மனையில் மழைநீர்க் குழிக்குத் தோண்டிய மண்ணையே கொஞ்சம் சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்திக் கல்லாக்கினாய். கட்டினோம். கட்டும்போது தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மேலே பூசிவிடுவோம் என்று நினைத்திருந்தார்கள். பூசப்போவதில்லை, அப்படியே விடப்போகிறோம் என்று தெரிந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள். காண்ட்ராக்டர் பலராமன் கடை நிறைய ஆள் இருக்கும்போது வந்து, "என்னங்க, பொண்ணு வீட்டுக்குப் பூச ஸ்டாக் இல்லையா? சொல்லுங்க, நான் வேணா ரெண்டு மூட்டை அனுப்பி வைக்கறேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைக்காரன் வேறு என்ன செய்வான்?

ஆனால் அது சிரிப்போடு நிற்காது. சிமெண்ட் வியாபாரி தன் பெண் வீட்டை மண்ணில் கட்டி, பூசாமல் விட்டிருக்கிறான் என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான் சொல்வார்கள். கடை ஆடுகிறது என்பார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் மாமியார் வந்து சுற்றிப் பார்த்தார்கள். "வேலை எப்பங்க முடியும்?" என்று கேட்டார்கள். முடிந்துவிட்டது என்றேன். "ஓ" என்றார்கள். அந்த ஓ-வை நீ கேட்டிருக்க வேண்டும்.

முழுக்க வேண்டாம். தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் ஒரு கோட் பூசிவிடுகிறேன். உள்ளே உன் இஷ்டம். சரி என்று ஒரு வரி எழுது.

அப்பா


வேலூர்
15.7.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

சரி இல்லை. ஒரு வரி கேட்டீர்கள், எழுதிவிட்டேன். மிச்சம் காரணம்.

என் வகுப்பில் இருப்பவர்கள் யார் தெரியுமா? ஆரணி, போளூர், செங்கம், குடியாத்தம் பக்கத்து சைட் சூப்பர்வைசர்கள். வேலைத்தளத்தில் நின்று மேஸ்திரியை மேய்க்கிறவர்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பசுமைக் கட்டட முறைகளைச் சொல்லிக் கொடுக்கிறேன்: மனையில் கிடைக்கிற மண், குறைந்த சிமெண்ட், காற்று வருகிற மாதிரி ஜன்னல், மழைநீர். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள். பரீட்சை வைத்தால் நன்றாகவே எழுதுகிறார்கள். பிறகு டீ குடிக்கும்போது செங்கத்து வேடியப்பன் என்பவர் சொல்கிறார்: "மேடம் சொல்றதெல்லாம் கரெக்ட்டு. ஆனா ஓனர் ஒத்துக்கமாட்டாரு மேடம். பூசாத வீட்டப் பார்த்தா பாதியில பணம் தீந்துபோச்சும்பாங்க. அந்த வீட்டுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்கிறார்கள்.

அவர்களுக்குத் தெரியாதது பாடம் அல்ல அப்பா. வெட்கம்தான் பிரச்சினை. அதை எந்தப் புத்தகத்தை வைத்து நான் போக்குவது? அதனால்தான் எழுந்து நின்று சொன்னேன்: "வெட்கப்படாதீங்க. நான் என் வீட்டையே அப்படித்தான் கட்டறேன். வந்து பாருங்க." ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி வியாழக்கிழமை வேனில் எல்லாரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால், வீடு காலியாக இருக்கும்போது.

பயிற்சி முடியும்போது ஒவ்வொருவரும் இந்த முறையில் ஒரு வீடாவது கட்டித் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். பாதிப் பேராவது ஒப்புக்கொண்டால் அடுத்த வகுப்பைத் திருவண்ணாமலையிலேயே, என் பொறுப்பில் நடத்த எங்கள் பயிற்சி நிலையம் சம்மதித்திருக்கிறது. இல்லையென்றால் இதோடு சரி, எனக்கும் வேலை முடிந்தது. நானும் இவரும் அங்கே வந்து குடியேறுவது இதை நம்பித்தான். அந்தச் சுவர்தான் என் பாடம்.

மேலே சிமெண்ட் பூசினால் சுவருக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் நிற்கும், அது வேறு. நான் உங்கள் வியாபாரத்துக்கு எதிரி இல்லை. அந்தக் கல்லிலும் உங்கள் சிமெண்ட் இருக்கிறது.

தெருப் பக்கம் மட்டும், ஒரு கோட் மட்டும் என்று பேரம் பேசாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

அருணா


திருவண்ணாமலை
21.7.2007

அருணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சரி.

கிரகப்பிரவேசத்துக்கு ஆவணியில் நாள் பார்த்தாகிவிட்டது, செப்டம்பர் ஒன்பது. பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டேன். சம்பந்தி வீட்டுப் பெயர் முதலில், நம் பெயர் பிறகு. மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு.

இருபத்து மூன்றாம் தேதி உன் ஆட்கள் வரும்போது வீடு பார்க்கும்படியாக இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்படாதே. எல்லாருக்கும் இளநீரும் டிபனும் நான் ஏற்பாடு செய்கிறேன். அம்மா பொங்கலும் வடையும் என்கிறாள்.

அப்பா


திருவண்ணாமலை
24.8.2007

அருணா,

நேற்று காலையிலிருந்து வாசலில் நின்றேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். இளநீரைத் தொட்டி நீரில் போட்டு வைத்திருந்தேன், சூடாகிவிடக் கூடாது என்று. அம்மா உள்ளே இலை நறுக்கிக்கொண்டு இருந்தாள்.

வேன் தெருமுனையில் திரும்பியது. எழுதியிருந்த பெயரைப் படித்தேன், உங்கள் வேன்தான். கையை ஆட்டினேன். டிரைவர் வேகத்தைக் குறைத்தான். பிறகு நிறுத்தாமல் போய்விட்டான். நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்க்கவில்லை என்று சொல்லாதே. பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

திரும்பி வருவீர்கள் என்று மதியம் வரைக்கும் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் கேட்டார், "வேன் வழி தவறிப் போச்சு" என்றேன். பொங்கலைக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு கொடுக்க வந்து காத்திருந்தவர்களுக்குக் கொடுத்தோம்.

பூசினேன், உண்மை. சரி என்று எழுதிவிட்டுத்தான் பூசினேன். வருகிறவர்கள் யார்? சூப்பர்வைசர்கள், மேஸ்திரிகள். பாதிப் பேர் என் கடையில் சரக்கு எடுக்கிறவர்கள். அவர்கள் முன்னால் என் மகள் பூசாத வீட்டைக் காட்டிக்கொண்டு நிற்பதா? உள்ளே ஒரு சுவரைக் கூடத் தொடவில்லை. வெளியே சுற்றிலும் மட்டும்தான். ரோஸ் கலர் உனக்குப் பிடிக்கும். சின்ன வயதில் கவுன் எடுத்தால் அந்தக் கலரில்தான் எடுப்பாய்.

கோபம் இருந்தால் இறங்கி வந்து நாலு பேர் எதிரில் திட்டியிருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன். நிற்காமல் போனாயே, அது என்ன கணக்கு?

அப்பா


திருவண்ணாமலை
30.8.2007

அருணாவுக்கு,

போன் செய்தால் மாப்பிள்ளை எடுக்கிறார். "அவ குளிக்கறா மாமா", "தூங்கறா மாமா", "கோயிலுக்குப் போயிருக்கா மாமா" என்கிறார். ஒரு வாரத்தில் நீ இவ்வளவு பக்தியானது சந்தோஷம். அவர் பாவம், பொய் சொல்லி வழக்கமில்லாத வாத்தியார். சொல்லும்போதே குரல் இறங்கிவிடுகிறது.

நேற்று செங்கத்து வேடியப்பன் கடைக்கு வந்தான். உன் வகுப்பில் இருப்பதாக நீ எழுதிய வேடியப்பன் இவன்தான் என்று எனக்கு அது வரை தோன்றவில்லை. பல வருஷ வாடிக்கை. எப்போது வந்தாலும் பேரம் பேசிக் கடையையே ரெண்டு பண்ணிவிட்டுத்தான் போவான். நேற்று சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டான். "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றேன். "ஒண்ணுமில்லைங்க" என்றான். என் முகத்தைப் பார்க்காமலே லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டான். வேனில் என்ன நடந்தது என்று அவனிடம் நான் கேட்கவில்லை. மகளைப் பற்றி ஊரானிடம் கேட்கிற நிலைக்கு இன்னும் வரவில்லை.

உன்னிடம் கேட்கிறேன். என்ன நடந்தது?

அப்பா


வேலூர்
3.9.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை நாலு முறை எழுதிக் கிழித்தேன். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வேலூரிலிருந்து வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மண் கல்லின் நிறத்தைப் பற்றிப் பேசினேன். மழை பெய்து ஓய்ந்ததும் அந்தச் சுவர் என்ன நிறத்தில் இருக்கும் என்று பேசினேன். போளூர் தாண்டும்போது ஒருவர், "மேடம், உங்க வீட்டப் பார்த்துட்டு எங்க வீட்டுக்காரி கேட்டா நீங்கதான் வந்து பதில் சொல்லணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் அவர்கள் என்னோடு சிரித்தார்கள்.

தெருவில் திரும்பியதும் முதலில் எனக்கு வீடே தெரியவில்லை. ரோஸ் கலரில் ஒரு வீடு இருந்தது. வாசலில் நீங்கள் இருந்தீர்கள்.

டிரைவர், "இதானுங்களா மேடம்?" என்று கேட்டார். "இல்ல, இது வேற தெரு. நேராப் போங்க" என்றேன். அதற்குள் வேடியப்பன் எழுந்து ஜன்னலைப் பார்த்துவிட்டார். "மேடம், அது சிமெண்ட் கடை சக்கரபாணி ஆச்சே. நம்மளத்தான் கையாட்டறாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரியாது" என்றேன்.

அப்பா, நீங்கள் கேட்டீர்கள் என்ன கணக்கு என்று. இதுதான். பூசியதற்காக வந்த கோபத்தில் நிற்காமல் போனேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும் என்று பத்து நாளாகப் பேசாமல் இருந்தேன். கோபம் அதற்கு அப்புறம்தான் வந்தது. அந்த நிமிஷத்தில் வந்தது வெட்கம். வெட்கப்படாதீர்கள் என்று தினமும் கத்தின நான், இவர்கள் முன்னால் அவமானப்படக் கூடாது என்று என் வீட்டை வேறு தெரு என்றேன். உங்களைத் தெரியாது என்றேன்.

கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். பக்கத்தில் ஏதோ ஒரு ஆசிரமத்துக் கட்டடத்தைக் காட்டி, காற்றோட்டத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் தூங்குவது போல இருந்தார்கள்.

அதற்குப் பிறகு வகுப்பில் மேடம் மேடம் என்று மரியாதை அதிகமாகியிருக்கிறது. குறிப்பு எடுக்கிறார்கள். வாதாடுவதில்லை. வாதாடாத வகுப்பு செத்த வகுப்பு.

ஒன்பதாம் தேதிக்கு நான் வரவில்லை. அந்தச் சுவரைத் தாண்டி, உங்களைத் தாண்டி, நல்ல புடவை கட்டிக்கொண்டு பால் காய்ச்ச என்னால் முடியாது. இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் உங்களிடம் பேசுவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். பத்திரிகை கொடுத்த இடங்களில் என்ன சொல்வீர்களோ தெரியவில்லை. அதற்கும் சேர்த்து என்னைத் திட்டுங்கள்.

அருணா


திருவண்ணாமலை
8.9.2007

அருணாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. கடை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

பத்திரிகை கொடுத்த இடங்களில் மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறோம். சம்பந்தி வீட்டுக்கு மட்டும் நானே பஸ் ஏறிப் போய், "தப்பு என்னுதுங்க, பொண்ணுக்குப் பிடிக்காத வேலை ஒண்ணு செஞ்சுட்டேன்" என்றேன். உன் மாமியார் என்ன வேலை என்று கேட்டார்கள். பூசியதைச் சொன்னேன். "அதுக்கா? பூசாதப்பவே நல்லாத்தானே இருந்துச்சு. எங்க நிலத்து மண்ணு மாதிரியே இருக்கேன்னு பார்த்துட்டு நின்னேன்" என்றார்கள். அந்த ஓ-வுக்கு அதுதான் அர்த்தமாம். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

புரட்டாசியில் செய்ய முடியாது. இனி ஐப்பசிதான்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பலராமன் சிரித்தது, கடை பெயர் கெடும் என்றது, சம்பந்தி ஓ என்றது எல்லாம் உண்மைதான். ஆனால் பலராமனை நான் பார்க்காதவனா? அவனைப் போல ஒன்பது பேரை வாயடைத்து அனுப்பித்தான் இந்தக் கடை நிற்கிறது. அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்க பழைய வீடுதான் தெரியும். நான் பிறந்தது மண் சுவரில் என்று உனக்குத் தெரியும், ஆனால் அது எப்படி இருக்கும் என்று சொன்னதில்லை. மழைக்கு ஒரு பக்கம் கரைந்து உட்கார்ந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து, நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று வெளியே நின்று கத்திச் சொல்வார்கள். மூட்டை தூக்கினேன், வண்டி ஓட்டினேன், ஒரு கடையில் வேலைக்கு நின்றேன், பிறகு கடை போட்டேன். எல்லாம் அந்த ஓட்டையை அடைக்கத்தான். மண் சுவரை விட்டு வெளியே வர எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. நீ படித்துப் பட்டம் வாங்கி நேராக அதற்குள்ளேயே போகிறாய் என்று தோன்றியது. உன் கல் கரையாது என்று அறிவுக்குத் தெரிகிறது. மனசுக்குத் தெரியவில்லை.

உனக்காகப் பூசினேன் என்கிற மாதிரி முன்பு எழுதினேன் அல்லவா? அது வியாபாரப் பேச்சு. எனக்காகத்தான் பூசினேன்.

மூர்த்தியைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் செதுக்கி எடுத்துவிடு என்றேன். அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். "பூச்சு பிடிக்கணும்னு சுவர் பூரா கொத்தி விட்டுத்தான மொதலாளி பூசினோம்? இப்ப எடுத்தா அம்மைத் தழும்பு மாதிரி நிக்கும். கல்லோட மூலையெல்லாம் சேர்ந்து வரும்" என்றான். நம்பாமல் நானே உளி வைத்துப் பின்பக்கம் ஒரு இடத்தில் தட்டினேன். அவன் சொன்னது சரி. அந்த இடத்தை இப்போது பார்க்கவே முடியவில்லை. அடிபட்ட முகம் மாதிரி இருக்கிறது. நிறுத்திவிட்டேன்.

தெரியாது என்று நீ சொன்னதைப் பற்றி: படித்தபோது கொஞ்ச நேரம் கடையில் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எனக்கு நினைவில்லை. நான் மட்டும் யோக்கியமா? நான் மூட்டை தூக்குகிற இடத்துக்கு எங்க அப்பா என்னைத் தேடி வந்தால், யாரப்பா அது என்று மற்றவர்கள் கேட்டால், ஊர்க்காரர் என்றுதான் சொல்வேன். இது எங்கிருந்து வந்தது என்று நீ தேட வேண்டாம்.

வகுப்பு முடிகிற நாளைக்கு நான் வரட்டுமா? எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள். நான் செய்ததை நானே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அப்பா


வேலூர்
21.9.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் வர வேண்டாம் என்று நான் தந்தி மாதிரி ஒரு வரி எழுதியது வருத்தமாக இருந்திருக்கும். சுவர் உங்களுடையது, பொய் என்னுடையது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

நேற்று கடைசி வகுப்பு. சொன்னேன். "அன்னிக்கு ரோஸ் கலர் வீடு ஒண்ணு பார்த்தோமே, அது என் வீடு. கையாட்டினவர் என் அப்பா" என்றேன். தயாரித்து வைத்திருந்த மிச்சத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நல்ல முடிவாக எதுவும் நடக்கவில்லை அப்பா. பின்னால் ஒருவர் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர் அவரை இடித்தார். வேடியப்பன் மட்டும், "அன்னிக்கே தெரியும் மேடம், எல்லாருக்கும்" என்றார். "உங்க மூக்கும் அவரு மூக்கும் ஒண்ணு." பிறகு ஏன் யாரும் கேட்கவில்லை என்றேன். "எப்படிக் கேக்கறது மேடம்? பாவமா இருந்துச்சு" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. இத்தனை நாளும் என்மேல் பரிதாபப்பட்டுத்தான் குறிப்பு எடுத்திருக்கிறார்கள்.

வீடு கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டவர்கள் பாதிக்கு வரவில்லை. பாதிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. திருவண்ணாமலை வகுப்பைப் பற்றி நிலையத்தில் கேட்டேன். ஒரு வீடாவது எழும்பட்டும், பிறகு பேசலாம் என்கிறார்கள். அது வரைக்கும் எனக்கு அரைச் சம்பளம், அலுவலக வேலை.

ஒப்புக்கொண்ட சிலரில் வேடியப்பனும் ஒருவர். அவரிடம் கீழ்பென்னாத்தூரில் தனம் என்று ஒரு அம்மாவின் வீட்டு வேலை இருக்கிறதாம். கணவர் குவைத்தில் டிரைவர். இரண்டு பக்கமும் கொழுந்தனார் வீடுகள், நடுவில் இவர்கள் மனை. மண் கல்லைப் பற்றி விளக்கிச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா, "கட்டின வீடு ஒண்ணைக் காட்டு" என்கிறார்களாம். நம் வீட்டைக் காட்டலாமா என்று கேட்டார். எதைக் காட்டுவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டைப் பூட்டியே வையுங்கள். அம்மா தூங்கப் போனால் மட்டும் திறந்துகொள்ளட்டும்.

அருணா


திருவண்ணாமலை
9.10.2007

அருணாவுக்கு,

நீ வேண்டாம் என்றதை வேடியப்பன் கேட்கவில்லை. உன் வகுப்பில் படித்தவன், வேறு எப்படி இருப்பான்? போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தனம் அம்மாவை நேராகக் கடைக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். சாவியை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

அந்த அம்மா வீட்டைச் சுற்றி வந்தார்கள். ரோஸ் கலர் முன்பக்கத்தைப் பார்த்தார்கள், பின்பக்கம் நான் உளி வைத்த இடத்தைப் பார்த்தார்கள். உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார்கள். வெளியே வந்து என்னைக் கேட்டார்கள்: "அண்ணா, நேரா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சிமெண்ட் விக்கறவரு. பூச்சு வேணும்னு நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன். வேணாம்னு சொன்னாலும் நம்ப மாட்டேன். உள்ள பூசல, வெளிய பூசியிருக்கீங்க. ஏன் பூசினீங்க, அத மட்டும் சொல்லுங்க."

இந்த மாதிரி ஒரு வாடிக்கையாளரை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

நாக்கு நுனியில் பதில் வரிசையாக நின்றது. சாரல் அடிக்கும் என்று சொல்லலாம். தூசு தங்கும், பல்லி வரும் என்று சொல்லலாம். பேங்க் லோன்காரன் கேட்பான் என்றுகூடச் சொல்லலாம். தினம் கடையில் சொல்கிறதுதானே? வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனைப் பார்த்ததும் அவற்றையெல்லாம் விட்டுவிட்டேன்.

"வெக்கமா இருந்துச்சும்மா. அதான் பூசினேன்" என்றேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "பூசினப்புறம் போயிடுச்சா?" என்று கேட்டார்கள்.

"இல்லம்மா. ஜாஸ்தியாயிடுச்சு."

அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்காரரிடம் போனில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார்கள். மூன்றாம் நாள் வேடியப்பன் வந்தான். மண் கல்லிலேயே கட்டுகிறார்களாம், பக்கவாட்டிலும் பின்னாலும் பூசப்போவதில்லை. "முன்பக்கம் மட்டும் யோசிக்கணும்ங்கறாங்க, கொழுந்தனார் வீட்டுக்காரங்க கண்ணு படற இடமாச்சே" என்றான். பூசாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. நீயே சொல். மெஷின் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று அவன் கேட்கிறான், அதையும் எழுது. ஒரு வீடு எழும்பட்டும் என்றார்களே, நிலையத்தில் சொல்.

பேரம் பேசித்தான் சரக்கு எடுத்துக்கொண்டு போனான். நன்றாகப் பேசினான்.

முன்பக்கச் சுவரை அப்படியே விட்டிருக்கிறேன். வேறு கலர் அடிக்கவும் இல்லை, செதுக்கவும் இல்லை. வெட்கம் என்றால் என்ன என்று உன் ஆட்களுக்குக் காட்ட வேண்டுமானால் அழைத்துக்கொண்டு வா. வேண்டாமென்றாலும் சரி. அது உன் வீடு, இனி உன்னைக் கேட்காமல் ஒரு ஆணி அடிக்க மாட்டேன்.

ஐப்பசியில் நாள் பார்த்தாகிவிட்டது, தேதியை மாப்பிள்ளையிடம் போனில் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை பத்திரிகை இல்லை. சம்பந்தி வீட்டார், நாம், உன் வகுப்பில் நீ யாரைக் கூப்பிட விரும்புகிறாயோ அவர்கள். நான் வாசலில்தான் நிற்பேன். கூட வருகிறவர்கள் அந்தக் கையாட்டுகிற ஆள் யார் என்று கேட்டால், சொல்லிவிடு. வேறு ஒன்றும் வேண்டாம்.

அப்பா